வச்சிரத்தின் பெயர் தாங்கிய தச்சர்கள்

ஜப்பான் நாட்டின் ஒசாகா நகரில் சித்தென்னோஜி என்னும் பௌத்தக் கோயில் உள்ளது. ஆண்டுதோறும் ஜனவரி 11ஆம் நாள் அக்கோயிலில் ஒரு சடங்கு நடைபெறும். பழங்கால உடை அணிந்த தச்சர்கள் மரத்தின் முன் அமர்வர். அளவுகோல், மைக்கயிறு, வாய்ச்சி ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கையில் எடுப்பர். மரத்தை அளப்பது போலவும், கோடிடுவது போலவும், செதுக்குவது போலவும் செய்து காட்டுவர். புத்தாண்டின் வேலை நல்லபடி தொடங்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். இச்சடங்கைச் செய்பவர்கள் கொங்கோ குமி என்னும் கட்டுமான நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அந்நிறுவனம் தோன்றிய ஆண்டு கி.பி. 578 என்பர். உலகின் மிகப் பழைய நிறுவனம் என்று அது போற்றப்படுகிறது.

'குமி' என்றால் குழு. 'கொங்கோ' என்பது வச்சிரம் என்னும் சொல்லுக்கு ஜப்பானியர் வழங்கும் பெயர். பௌத்த சமயம் இந்தியாவில் தோன்றி, சீனம், கொரியா ஆகிய நாடுகளின் வழியாக ஜப்பானைச் சென்றடைந்தது. அதனுடன் சொற்களும் தெய்வங்களும் கடல் கடந்தன. சித்தென்னோஜி என்பதற்கு நான்கு திசைக்காவல் வேந்தர் கோயில் என்பது பொருள். அந்நால்வருள் வடதிசையைக் காப்பவன் நாம் குபேரன் என்று அறிந்தவனே.

ஆறாம் நூற்றாண்டில் பௌத்தம் ஜப்பானுக்குப் புதியது. பெரிய பௌத்தக் கோயில்களை எழுப்பும் கலை அந்நாட்டவருக்குப் பழக்கமில்லை. ஆதலால் கொரியத் தீபகற்பத்தில் இருந்த பைக்சே நாட்டிலிருந்து தச்சர்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் சிகெமித்சு கொங்கோ. இளவரசர் ஷோதோகு 593ஆம் ஆண்டில் சித்தென்னோஜியை நிறுவியபோது, அதன் கட்டுமானத்தில் இத்தச்சர்களின் கைகள் இருந்தன. கோயில் எழுந்தபின் சிகெமித்சு தாய்நாடு திரும்பவில்லை; வந்த ஊரிலேயே தங்கிவிட்டார். வேலை தேடி வெளியூர் சென்று, அங்கேயே வேர்விட்ட ஒருவரிடமிருந்து தொடங்கியதுதான் இந்த நீண்ட வரலாறு.

ஒரு கோயிலைக் கட்டி முடித்தால் தச்சனுக்கு வேலை முடிந்துவிடும் அல்லவா? சித்தென்னோஜியில் அது முடியவே இல்லை. 1576ஆம் ஆண்டுப் போரில் கோயில் எரிந்தது. மீண்டும் எழுப்பப்பட்டது. 1614ஆம் ஆண்டுப் போரில் மறுபடியும் எரிந்தது. 1801ஆம் ஆண்டில் இடி விழுந்து தீப்பற்றியது. ஒவ்வொரு முறையும் சாம்பலை அகற்றி, புதிய மரத்தைக் கொணர்ந்து, பழைய அமைப்பிலேயே மண்டபங்களை எழுப்பவேண்டியிருந்தது. இடைப்பட்ட அமைதிக் காலங்களில் கூரை பழுதுபார்த்தல், உளுத்த தூண்களை மாற்றுதல் போன்ற பணிகள் இருந்தன. கட்டியதைக் காப்பதே இவர்களது பெரும்பணியாக இருந்தது எனலாம். இதற்காகக் கோயில் அக்குடும்பத்திற்கு ஆண்டு ஊதியம் வழங்கி வந்தது.

கோயில் கட்டும் தச்சரை ஜப்பானியர் 'மியாதைக்கு' என்பர். வீடு கட்டும் தச்சரினும் இவர்கள் வேறானவர்கள். இவர்கள் பெரும்பாலும் ஆணியை நம்புவதில்லை. ஒரு மரத்தின் முனையை நாக்குப் போலச் செதுக்கி, மற்றொரு மரத்தில் அதே அளவுக்குக் குழி வெட்டி, இரண்டையும் பொருத்துவர். சில பொருத்துகள் பூட்டும் திறவுகோலும் போல ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். இரும்பாணி துருப்பிடித்தால் சுற்றியுள்ள மரமும் கெடும். மரத்தோடு மரம் பொருந்தினாலோ, மழைக்காலத்தில் இரண்டும் சேர்ந்து விரியும். கோடையில் சேர்ந்து சுருங்கும். பழுதுற்ற ஒரு துண்டை மட்டும் கழற்றி மாற்றவும் இயலும். இனோக்கி எனப்படும் சைப்ரசு மரத்தையே இவர்கள் மிகவும் விரும்புவர். இவர்களது இரம்பமும் இழைப்புளியும்கூட வேறுவகை. நம் நாட்டுத் தச்சர் இழைப்புளியை முன்னோக்கித் தள்ளுவார். ஜப்பானியத் தச்சர் அதைத் தம் பக்கம் இழுப்பார்.

ஐந்தடுக்குக் கோபுரம் இக்கலையின் உச்சம். ஒவ்வோர் அடுக்கும் மற்றொன்றின்மேல் ஏற்றி வைக்கப்பட்டது போல இருக்கும். நடுவே ஒரு நெடுந்தூண் நிற்கும். நில அதிர்ச்சி வரும்போது அடுக்குகள் தனித்தனியே அசைந்து அதிர்வைத் தாங்கிக்கொள்ளும். நில நடுக்கம் மிகுந்த அந்நாட்டில் இத்தகைய கோபுரங்கள் பல நூற்றாண்டுகளாக நிற்பதற்கு இந்த நெகிழ்வே காரணம். விறைத்து நிற்கும் கட்டடம் விரிசல் காணும் இடத்தில் இது வளைந்து கொடுக்கிறது.

நாற்பது தலைமுறைகள் ஒரே தொழிலைத் தொடர்வது எவ்வாறு? எல்லாத் தலைமுறையிலும் மூத்த மகனே தலைவரானார் என்று எண்ணிவிடக் கூடாது. தொழிலில் திறமையும் பொறுப்பும் உடையவரையே தேர்ந்தனர். தகுந்த மகன் இல்லாதபோது, திறமையான ஒருவரை மருமகனாக்கி, அவருக்குக் கொங்கோ என்னும் குடும்பப் பெயரையும் அளித்தனர். தலைவர்களின் பெயர்வரிசை ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளமுள்ள ஒரு சுருளில் எழுதப்பட்டுள்ளது. 32ஆம் தலைவர் தம் வழிவந்தோருக்கு அறிவுரைகளையும் எழுதி வைத்தார். எழுத்தும் கணக்கும் கற்க வேண்டும், மிகுதியாகக் குடிக்கலாகாது, தகுதிக்கு மீறி உடுத்தலாகாது, பணிந்து பேசவேண்டும், வேலைக்கு நேர்மையான விலை கூறவேண்டும் என்பன அவற்றுட் சில. மரத்தைப் பற்றியன்றி மனிதரைப் பற்றியே அவர் மிகுதியாகக் கவலைப்பட்டிருக்கிறார்!

1868ஆம் ஆண்டில் மெய்ஜி ஆட்சி தொடங்கியதும் நிலைமை மாறியது. புதிய அரசு பௌத்தக் கோயில்களின் நிலங்களைப் பறித்தது. வருவாய் இழந்த சித்தென்னோஜியால் தன் தச்சர்களுக்கு ஊதியம் தர இயலவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரே கோயிலை நம்பியிருந்த குடும்பம், முதன்முறையாக வேறு கோயில்களின் வாயிலில் வேலை கேட்டு நின்றது.

அடுத்த இடர் 1930களில் வந்தது. 37ஆம் தலைவர் வறுமையால் மனமுடைந்து மறைந்தார். அவருடைய மனைவி யோஷியே கொங்கோ 38ஆம் தலைவரானார். அக்குடும்ப வரலாற்றில் தலைமை ஏற்ற முதற்பெண் அவரே. 1934ஆம் ஆண்டு செப்டம்பரில் முரோத்தோ என்னும் கடும்புயல் ஒசாகாவைத் தாக்கியது. நில அதிர்ச்சிக்கு அஞ்சாத சித்தென்னோஜிக் கோபுரம் காற்றுக்குச் சாய்ந்தது. அதை மீண்டும் எழுப்பும் பணியை யோஷியே ஏற்றார். 1940ஆம் ஆண்டில் கோபுரம் நிறைவுற்றது. 1945ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் போர் விமானங்கள் குண்டு பொழிந்தபோது அது எரிந்து போனது. அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய கோபுரம் ஐந்தே ஆண்டுகள்தாம் நின்றது. போர்க்காலத்தில் கோயில் வேலை கிடைக்காமையால், நிறுவனம் படைக்கு வேண்டிய மரப்பெட்டிகளைச் செய்து உயிர் பிழைத்தது.

போருக்குப்பின் தீயைத் தாங்கும் கட்டடங்களையே பலரும் நாடினர். சித்தென்னோஜியின் கோபுரமும் 1959ஆம் ஆண்டில் இரும்புக் கம்பியும் கான்கிரீட்டும் கொண்டே எழுந்தது. கொங்கோ குமியும் கான்கிரீட் வேலையைக் கற்றது. பின்னர் அடுக்குமாடி வீடுகள், அலுவலகக் கட்டடங்கள் ஆகியவற்றையும் கட்ட முனைந்தது. அங்கே பெரிய நிறுவனங்களோடு போட்டியிட வேண்டியிருந்தது. 1980களில் ஜப்பானில் நிலத்தின் விலை வானளவு உயர்ந்தது. நிறுவனம் கடன் வாங்கி நிலம் வாங்கியது. 1990களில் விலை சரிந்தது. கடன் மட்டும் சரியவில்லை. கோயில்களுக்கு மக்கள் அளித்த நன்கொடையும் குறைந்தது. இறுதியில் கடன் பெருகியது. 2006ஆம் ஆண்டு ஜனவரியில் கொங்கோ குமி, ஒசாகாவைச் சேர்ந்த தகாமத்சு என்னும் கட்டுமான நிறுவனத்தின் கைக்குச் சென்றது. தீ, போர், புயல், ஆட்சி மாற்றம் ஆகிய அனைத்தையும் கடந்த ஒரு குடும்பத்தின் உடைமையைக் கணக்கேடு பறித்துக்கொண்டது.

எனினும் புதிய உரிமையாளர் பெயரை மாற்றவில்லை. தச்சர்களையும் கலைக்கவில்லை. நிறுவனம் தனக்கு நன்கு தெரிந்த கோயிற் பணிக்கே திரும்பியது. இன்றும் அங்கே தச்சர்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து பணிபுரிகின்றனர். புதிதாகச் சேரும் இளைஞர் முதலில் மரத்தைத் தொடுவதில்லை. உளியையும் இழைப்புளியின் அலகையும் தீட்டக் கற்கிறார். ஒரு மியாதைக்கு முழுத்தேர்ச்சி பெறப் பத்து ஆண்டுகள் வரை ஆகும்.

சொற்பொருள்

வாய்ச்சி – மரம் செதுக்கும் கருவி
இழைப்புளி – மரத்தை வழவழப்பாக்கும் கருவி
உளுத்த – புழு அரித்துக் கெட்ட
இடர் – துன்பம்

சிந்தித்து எழுதுக

1. ஆணியின்றி மரங்களைப் பொருத்துவதால் விளையும் நன்மைகள் யாவை?

2. யோஷியே கொங்கோ எழுப்பிய கோபுரம் ஐந்து ஆண்டுகளில் எரிந்தது. அவரது உழைப்பு வீணாயிற்று என்று கருதுகிறாயா? உன் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

3. உன் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் ஊரில் தச்சர் பயன்படுத்தும் கருவிகளின் தமிழ்ப் பெயர்களை எழுதி வருக.