வேப்பமரத்தில் அலமாரி

கேள்வி: வீட்டில் வெட்டிய வேப்பமரத்தைக் கொண்டு அலமாரி செய்யலாமா? (பென்னாகரம் வாசகர்)

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆயினும் பூச்சியை எதிர்க்கும் வலிமை வைரத்துக்கே, அதாவது நடுத்தண்டில் முதிர்ந்து செம்பழுப்பேறிய பகுதிக்கே, மிகுதி என்பதால் வெளிறிய ஓரத்தை நீக்கிவிட்டு, அறுத்த பலகைகளை இடையிடையே குச்சி வைத்து நிழலில் அடுக்கி, அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு உலர்த்த வேண்டும். இதில் அவசரமே பெரும்பிழை. தருமபுரியின் சித்திரை வெயிலில் சுருங்கி ஐப்பசி மழையில் உப்பும் மரம், நீளவாக்கில் அன்றி அகலவாக்கிலேயே பெரிதும் மாறுவதால், கதவுப் பலகையைப் பசையிட்டு ஒட்டாமல், சட்டத்தில் வெட்டிய காடி என்னும் நீள்பள்ளத்தில், இருபுறமும் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத் தளர்வாகச் செருகுவதே முறை. கால்களைக் கருங்கல் துண்டின்மேல் நிறுத்தினால் கறையான் ஏறுவது உடனே கண்ணில் படும்.