தோட்டக்கால் நிலங்களில் கோரைக் கிழங்கும் அதனை ஒழிக்கும் முறையும்

திண்டுக்கல் நகரைச் சுற்றியுள்ள சமவெளியில், கிணற்றுப் பாசனத்தைக் கொண்டு சின்ன வெங்காயம், காய்கறி, மல்லிகை முதலியவற்றைச் சாகுபடி செய்வோர் அனைவரும் கோரையை அறிவர். அறிந்தும் அதனை வென்றவர் சிலரே. முயற்சிக் குறைவு இதற்குக் காரணமன்று; போகந்தோறும் கூலி கொடுத்துக் களையெடுப்போர் பலர். நிலத்தின்மேல் தோன்றும் தழையையே பகையெனக் கருதி, கீழே கிடக்கும் கிழங்கை விட்டுவிடுவதே காரணமாகும். 1977-இல் லிராய் ஹோம் முதலிய அறிஞர்கள் வெளியிட்ட நூலில், உலகின் மிகக் கொடிய களைகளுள் இதற்கே முதலிடம் தரப்பட்டது.

அடையாளம்

பார்வைக்குப் புல்லைப் போலத் தோன்றினும் கோரை புல்லன்று. பூத்தண்டை விரல்களுக்கிடையே வைத்து உருட்டினால் மூன்று விளிம்புகள் தெளிவாய்ப் புலப்படும். புல்லின் தண்டோ கணுக்களுடன் உருண்டையாய் இருக்கும். கோரையின் இலைகள் மூன்று வரிசையாக அமைந்து, கரும்பச்சை நிறமும் பளபளப்பும் உடையவை. பூங்கொத்து செம்பழுப்பு நிறமாகும். கிழங்கு கறுத்த தோலுடன், கசப்பும் நறுமணமும் பொருந்தியது. நாட்டு மருந்துக் கடைகளில் கோரைக் கிழங்கு என்று விற்கப்படுவது இதுவே.

மஞ்சள் கலந்த பூங்கொத்தையுடைய வேறொரு கோரையும் உண்டு. அதன் கிழங்குகள் வேர்த்தண்டின் நுனியில் தனித்தனியே உண்டாகுமேயன்றிச் சங்கிலித் தொடராய் இரா. பாய் முடைதற்கென ஆற்றங்கரை நிலங்களில் பயிரிடப்படும் உயரமான கோரை முற்றிலும் வேறான இனம். அதனையும் இதனையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. வெங்காயப் பாத்தியில் ஐயம் தோன்றின் இலையைக் கிள்ளிப் பார்க்க வேண்டும். வெங்காயத் தாள் உள்ளே குழலாய் இருக்கும். கோரை இலை தட்டையாய், நடுவில் மடிந்திருக்கும்.

பெருகும் விதம்

கோரை விதையினால் பரவுவது அரிது, கிழங்கினாலேயே பரவுகிறது. முளைவிட்ட கிழங்கு மண்மட்டத்திற்குச் சற்றுக் கீழே ஒரு குமிழை உண்டாக்கும். அக்குமிழிலிருந்து கம்பி போன்ற வேர்த்தண்டுகள் ஓடி, மீண்டும் கிழங்குகளை ஒன்றன்பின் ஒன்றாய்க் கோக்கும். இச்சங்கிலி அறாதிருக்கும் வரையில் நுனிக் கிழங்கின் முளை மற்றவற்றைப் பெரும்பாலும் உறங்க வைத்திருக்கும். களைக்கொத்தோ கலப்பையோ சங்கிலியை அறுத்துவிட்டால், உறங்கிய கிழங்குகள் தனித்தனியே முளைக்கும். ஆகவே ஈரமுள்ள நிலத்தை ஒருமுறை உழுது அப்படியே விடுவது, கோரையைத் தாமே விதைப்பதற்கு ஒப்பாகும். சுழல் கலப்பையை ஈரத்தில் ஓட்டுவதும் இத்தகையதே.

தோட்டத்திற்குள் இது வரும் வழிகளையும் கவனிக்க வேண்டும். வாடகை டிராக்டரின் கொத்துகளில் ஒட்டிய மண், நாற்றின் வேரில் ஒட்டிய மண், குளத்து வண்டல் ஆகியவற்றுடன் கிழங்கு வந்து சேருகிறது. வண்டலை நிலத்தில் கொட்டுமுன் ஒரு கூடை மண்ணைச் சலித்துப் பார்த்துக் கொள்வது நலம்.

ஒழிக்கும் முறைகள்

முதலாவது, கோடை உழவு. கிழங்கு வறட்சியைத் தாங்காது. பெரும்பாலான கிழங்குகள் மேல்மண்ணில் அரை அடி ஆழத்திற்குள்ளேயே கிடப்பன. பங்குனி, சித்திரை மாதங்களில் நிலம் உலர்ந்திருக்கையில் ஆழ உழுது, கட்டிகளைப் புரட்டி, கிழங்குகள் வெயில் படும்படி செய்தல் வேண்டும். மேலே கிடந்து சுமார் இரண்டு வாரம் காய்ந்தவற்றுள் பெரும்பாலானவை உயிரிழக்கும். இடையில் கோடை மழை பெய்தால் முளைவரும். அப்பொழுது மறு உழவு தவறலாகாது. பொறுக்கிய கிழங்கை வரப்பிலோ எருக்குழியிலோ போடாமல், உலர்த்தி எரித்துவிட வேண்டும்.

இரண்டாவது, காலமறிந்து களையெடுத்தல். முளை வெளிவந்து ஏறத்தாழ மூன்று வாரத்தில் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும். அதற்கு முன்னரே களையெடுத்தால், பழைய கிழங்கு தன்னிடமுள்ள உணவைச் செலவழித்து மெலியும். அக்காலம் கடந்தபின் எடுப்பதால் கூலி செலவாகுமேயன்றிக் கிழங்கு குறையாது.

மூன்றாவது, நிழல். கோரைக்கு நிழல் ஆகாது. வெங்காயத்தின் நிமிர்ந்த தாள்கள் நிலத்தை மூடாமையால், அப்பயிரில் கோரை மிகுதியாய் வளர்கிறது. ஆதலின் கோரை மிகுந்த நிலத்தில் வெங்காயத்தின்மேல் வெங்காயம் வைக்காமல், இடையே சணப்பு, தக்கைப்பூண்டு, தட்டைப்பயறு இவற்றுள் ஒன்றை நெருக்கமாய் விதைப்பது நன்று. நிலப்போர்வையாக விரிக்கும் பிளாஸ்டிக் தாளை மட்டும் நம்புதல் கூடாது. கோரையின் கூரிய முளை அதனைத் துளைத்துக்கொண்டு வெளிவரும்.

நான்காவது, களைக்கொல்லி. கரும்பில் கோரைக்கென ஹாலோசல்பியூரான் மீத்தைல் 75 சதவீத மருந்து ஏக்கருக்கு 36 கிராம் வீதம் பயன்படுத்தப்படுகிறது. இது வெங்காயத்திற்கு உரியதன்று. கிளைபோசேட் பட்ட பச்சைப் பயிர் யாவும் கருகும். அதன் உபயோகத்தைக் கட்டுப்படுத்தி மத்திய அரசு 2022-இல் அறிவிப்பு வெளியிட்டுள்ளது. ஆதலால் எந்த மருந்தையும் வேளாண்மை அலுவலரையோ, காந்திகிராமத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ கலந்த பின்னரே வாங்க வேண்டும்.

கிராம அலுவலர் கவனத்திற்கு

ஒருவர் தம் தோட்டத்தைச் சுத்தம் செய்து, தலைவாய்க்காலின் கரையில் கோரை செழித்திருப்பின், நீரோடும் மண்ணோடும் கிழங்கு மீண்டும் வந்து சேரும். எனவே பொது வாய்க்காலிலும் பாதையோரத்திலும் உள்ள கோரையை அவ்வாய்க்காலுக்கு உரியவர்கள் அனைவரும் ஒரே கோடையில் எடுக்கும்படி அலுவலர்கள் ஏற்பாடு செய்தல் பேருதவியாகும்.

இவ்வேலை ஒரு போகத்தில் முடிவதன்று. முன்னேற்றத்தை அறிய எளிய வழியொன்றுண்டு. தோட்டத்தில் கோரை மிகுந்த இடத்தில் ஒரு சதுர அடி நிலத்தை ஒரு சாண் ஆழம் தோண்டி, அதிலுள்ள கிழங்குகளை எண்ணிக் குறித்துக் கொள்ளுங்கள். அடுத்த கோடையில் அதனருகே அதே அளவு தோண்டி எண்ணிப் பாருங்கள். தழை குறைந்ததா என்பதைவிட, கிழங்கு குறைந்ததா என்பதே கணக்கு.