ஆன்டிபாடிக்குச் சாயம் போடுவது எப்படி?

ஆரணியில் உட்கார்ந்துகொண்டு சாயத்தைப் பற்றி உங்களுக்கே பாடம் எடுப்பது கொஞ்சம் ஓவர்தான். நம்மில் பல பேர் வீட்டில் தறி ஓடுகிறது; பட்டு நூல் எந்தப் பதத்தில் சாயம் ஏறும் என்று என்னைவிட உங்களுக்கு நல்லாவே தெரியும். ஆனால் நான் சொல்லப்போகிற சாயம் புடவைக்குப் போடுவது இல்லை. ரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிற ஒரு புரதத்தைப் பிடித்துக் காட்டுவதற்குப் போடுவது. பயோடெக் நண்பர்கள் "எலைசாதானே, செமஸ்டர்ல படிச்சாச்சு"ன்னு தாண்டிப் போகாதீங்க. மெக்கானிக்கல், இசிஇ ஆளுங்களும் இருங்க. இதில் பாதிக் கதை சிக்னலும் நாய்ஸும்தான்.

நம் உடம்பின் நோய் எதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்ல சின்னச் சின்னப் புரதங்களை வெளியே விடுகின்றன. அவைதான் சைட்டோகைன்கள். அதில் ஒன்று இன்டர்ஃபெரான் காமா. காசநோய்க் கிருமியை விழுங்கிவிட்டு, கொல்ல முடியாமல் திணறும் மேக்ரோஃபேஜ் செல்லுக்கு, "சும்மா இருக்காதே, தாக்கு" என்று டி செல்கள் அனுப்பும் செய்தி இது. சிக்கல் எங்கே என்றால், அளவில். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் இது பிகோகிராம் கணக்கில்தான் இருக்கும். ஒரு பிகோகிராம் என்றால் ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதே மில்லிலிட்டரில் ஆல்புமின் மாதிரி மற்ற புரதங்கள் மில்லிகிராம் கணக்கில் கொட்டிக் கிடக்கும். அந்தக் கூட்டத்தில் இந்த ஒருத்தரை மட்டும் எப்படித் தேடுவது?

ஆன்டிபாடி வைத்துத்தான். ஒரு ஆன்டிபாடி தனக்கான புரதத்தின் ஒரு சின்னப் பகுதியை மட்டும் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும். 1975-இல் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே மாதிரியான ஆன்டிபாடியை வேண்டிய அளவுக்கு உற்பத்தி செய்யும் வழியைக் கண்டுபிடித்த பிறகு, நமக்கு வேண்டிய புரதத்துக்கு ஆன்டிபாடியைக் காசு கொடுத்து வாங்குகிற நிலை வந்தது. ஆனால் ஆன்டிபாடி போய் ஒட்டிக்கொண்டது நமக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் அடையாளம், அதாவது லேபிள்.

இந்த இடத்தில்தான் நம்ம ஊர் தொழில் வருகிறது. பட்டு ஒரு புரதம். ஆன்டிபாடியும் ஒரு புரதம். பட்டுக்கு ஆசிட் சாயம் போடும்போது தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் புளிப்பாக்குவார்கள். அப்போது பட்டில் உள்ள அமீன் தொகுதிகள் பாசிட்டிவ் சார்ஜ் ஆகின்றன. நெகட்டிவ் சார்ஜ் உள்ள சாயம் போய் ஒட்டுகிறது. ஆன்டிபாடிக்கு ஒளிரும் சாயம் போடும்போதும் பிடிமானம் அதே அமீன்தான். ஆனால் முறை தலைகீழ். ஃப்ளூரசீன் ஐசோதயோசயனேட் என்ற சாயத்தை பிஹெச் 9 பக்கம், காரமான கரைசலில் சேர்ப்பார்கள். அங்கே அமீன்களில் ஒரு பங்குக்கு சார்ஜ் இருக்காது, அதனால் சாயத்தோடு நேரடியாக வினைபுரிந்து கோவேலன்ட் பிணைப்பே போட்டுவிடும். அப்புறம் எத்தனை தடவை அலசினாலும் போகாது.

ஃப்ளூரசீனும் வந்தது சாய வேதியியலில் இருந்துதான். 1871-இல் அடால்ஃப் வான் பேயர் செய்தது. இண்டிகோ ஆராய்ச்சிக்குப் பேர்போன அதே பேயர். எழுபது வருஷம் கழித்து, 1940-களின் தொடக்கத்தில், ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸ் ஒளிரும் மூலக்கூறுகளை ஆன்டிபாடியோடு பிணைத்து நிமோகாக்கஸ் கிருமியை மைக்ரோஸ்கோப்பில் மின்ன வைத்தார்.

சரி, சாயத்தை நிறையப் போட்டால் நிறைய வெளிச்சம் வருமா? வராது. அளவு மீறினால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஃப்ளூரசீன்கள் ஒன்றின் ஒளியை இன்னொன்று அமுக்கிவிடும். அதோடு, ஆன்டிபாடியின் பிடிக்கிற பகுதியிலேயே சாயம் ஏறிவிட்டால் அது எதையும் பிடிக்காது. அடர் நிறம் வேண்டும் என்று நூலையே கெடுத்த கதைதான்.

எலைசாவில் சாயத்துக்குப் பதில் ஒரு என்சைமை ஒட்டுவார்கள். 1971-இல் ஸ்டாக்ஹோமில் எங்வாலும் பெர்ல்மனும் சொன்ன வழி. இதன் லாபம் இன்ஜினியருக்குச் சட்டென்று புரியும்: ஒரு சாய மூலக்கூறு ஒரு சாயம் மட்டும்தான், ஆனால் ஒரு என்சைம் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான நிற மூலக்கூறுகளைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். கெமிக்கல் ஆம்ப்ளிஃபையர்!

சைட்டோகைனுக்குப் பயன்படுவது சாண்ட்விச் எலைசா. 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டின் அடியில் முதல் ஆன்டிபாடியை ஒட்டவைக்கிறோம். மீதி காலி இடத்தில் கண்டதும் ஒட்டாமல் இருக்க ஆல்புமினோ பால் பவுடரோ போட்டு மூடுகிறோம். பிறகு மாதிரியை ஊற்றினால் இன்டர்ஃபெரான் மாட்டிக்கொள்ளும். அதன் இன்னொரு பக்கத்தைப் பிடிக்கிற, என்சைம் லேபிள் போட்ட இரண்டாவது ஆன்டிபாடி அடுத்து. கடைசியில் டிஎம்பி என்ற திரவம்: நீலம் வரும், ஆசிட் விட்டு நிறுத்தினால் மஞ்சளாகும். 450 நானோமீட்டரில் அளந்து, அளவு தெரிந்த மாதிரிகளை வைத்து வரைந்த கோட்டோடு ஒப்பிட வேண்டும். கிட்டுக்குக் கிட்டு வரிசை கொஞ்சம் மாறும்.

நான் வேண்டுமென்றே ஒன்றை விட்டுவிட்டேன். ஒவ்வொரு படிக்கும் நடுவில் அலசல். டிடர்ஜென்ட் கலந்த உப்புக் கரைசலில் மூன்று, நான்கு, ஐந்து முறை. எலைசாவின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஏன்னா மஞ்சள் நிறம் இன்டர்ஃபெரானின் நிறம் இல்லை, என்சைமின் நிறம். இன்டர்ஃபெரானே இல்லாத குழியில் கொஞ்சம் என்சைம் தங்கிவிட்டாலும் அதே அழகான மஞ்சள் வரும். மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது.

இதனால் யாருக்கு என்ன? காசநோய்க்கு வாங்க. உலகக் காசநோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேர் இந்தியாவில். கிருமி உடம்பில் நுழைந்தும் நோய் வராமல் தூங்குவது உண்டு. அதைக் கண்டுபிடிக்க கையில் ஊசி போட்டு வீக்கம் அளக்கும் மான்டூ டெஸ்ட் இருக்கிறது. ஆனால் பிசிஜி தடுப்பூசி போட்டிருந்தாலும், மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள கிருமியின் உறவினர்கள் பட்டிருந்தாலும் அதுவும் வீங்கலாம். செங்கல்பட்டில் 1968-இல் தொடங்கி சுமார் 2.6 லட்சம் பேரிடம் பிசிஜி ஆய்வு நடந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று 15 வருடக் கண்காணிப்பில் தெரிந்தது. அந்தப் பகுதியில் இந்த உறவுக்கார கிருமிகளின் தாக்கம் அதிகம் என்பதும் அப்போது பேசப்பட்ட காரணங்களில் ஒன்று. அதை நடத்திய நிறுவனம்தான் இன்றைக்குச் சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நம்ம பக்கத்துச் சேத்துப்பட்டு இல்லைங்க, சென்னைச் சேத்துப்பட்டு!

இன்டர்ஃபெரான் காமா டெஸ்ட் இந்தக் குழப்பத்தைக் குறைக்கிறது. பிசிஜியில் இல்லாத ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற புரதத் துண்டுகள் உள்ள குழாயில் ரத்தத்தை 37 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம் வைப்பார்கள். முன்பே கிருமியைச் சந்தித்த டி செல்கள் இருந்தால் இன்டர்ஃபெரானைக் கொட்டும். கூடவே எதுவும் இல்லாத 'நில்' குழாயும், எந்த டி செல்லையும் தூண்டிவிடும் 'மைட்டோஜன்' குழாயும் உண்டு. மைட்டோஜனிலும் ஒன்றும் வரவில்லை என்றால் ரிசல்ட் "நெகட்டிவ்" இல்லை, "சொல்ல முடியாது".

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. குவான்டிஃபெரான் கிட்டில் பாசிட்டிவ் என்று சொல்ல, காசநோய்க் குழாயிலிருந்து நில்லைக் கழித்தால் 0.35 யூனிட்டுக்குக் குறையக் கூடாது. அந்த வித்தியாசம் நில்லில் 25 சதவீதமாவது இருக்க வேண்டும். ஒருவருக்கு 0.6, நில் 0.1 என்றால் வித்தியாசம் 0.5, பாசிட்டிவ். இன்னொருவருக்கு 2.9, நில் 2.4. வித்தியாசம் அதே 0.5தான். ஆனால் 2.4-இல் கால்வாசி 0.6, எட்டவில்லை, மைட்டோஜன் சரியாக இருந்தால் நெகட்டிவ். இரண்டாமவரின் குழி முதல் குழியைவிட நல்ல மஞ்சளாக இருந்திருக்கும்.

பாசிட்டிவ் வந்தாலும் கிருமியைச் சந்தித்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். இப்போது நோய் இருக்கிறதா என்று இது சொல்லாது. அதற்குச் சளிப் பரிசோதனைதான் வேண்டும். இந்த வித்தியாசத்தை லேசாக எடுத்துக்காதீங்க. நம் நாட்டில் நோயாளியின் ரத்தத்தில் காசநோய்க்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் கிட்டுகள் தனியார் லேப்களில் தாராளமாக ஓடின. அதிலும் எலைசா உண்டு, அதே மாதிரித் தட்டு. நோய் இல்லாதவருக்கு இருக்கு என்றும், இருப்பவருக்கு இல்லை என்றும் சொன்னதால், 2011-இல் உலக சுகாதார நிறுவனம் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்றது. 2012-இல் இந்திய அரசு தடையே செய்தது. கெமிஸ்ட்ரி வேலை செய்தது. கேட்ட கேள்விதான் தப்பு.

சைட்டோகைன் மொத்தம் எவ்வளவு என்பதோடு, எந்த செல் அதைத் தயாரித்தது என்றும் தெரிய வேண்டுமானால் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்குப் போக வேண்டும். செல்லுக்குள்ளிருந்து சைட்டோகைன் வெளியே போகாமல் பிரெஃபெல்டின் போட்டு அடைத்து, செல் சவ்வில் ஓட்டை போட்டு, ஒளிரும் ஆன்டிபாடியை உள்ளே அனுப்பி, லேசர் முன்னால் ஒவ்வொரு செல்லாக ஓடவிடுவார்கள். அங்கே ஒரே நேரத்தில் பல நிறங்கள், ஒரு நிறம் இன்னொன்றின் டிடெக்டரில் கசியும் தலைவலி வேறு. இசிஇ நண்பர்களுக்கு கிராஸ்டாக் என்றால் தெரியுமே, அதேதான்.

புராஜெக்ட்டுக்கு எலைசா எடுப்பவர்களுக்கு ஒன்று. தட்டை வரையும்போது மாதிரிக்கு முன்னால் வெறும் குழிகளுக்கு இடம் ஒதுக்குங்க: மாதிரி இல்லாமல் ஒன்று, முதல் ஆன்டிபாடி இல்லாமல் ஒன்று, இரண்டாவது ஆன்டிபாடி இல்லாமல் ஒன்று. கிட் விலையைப் பார்த்து இதில்தான் எல்லாரும் மிச்சம் பிடிப்பார்கள். பிடிக்காதீங்க. வைவாவில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.