ஐபி65 காக்கும், மழையிலிருந்து மட்டும்

ஆள் நடந்தால் தானாக எரியும் சென்சார் விளக்கு விருதுநகர், சாத்தூர், சிவகாசி வீட்டு வாசல்களில் பழகிப்போன பொருள். அதைப் பற்றிய தப்பான நம்பிக்கை வீட்டு வாசலில் கரண்டைத்தான் வீணாக்கும். பட்டாசுக் குடோனில் உயிரை வாங்கும். அதனால் குடோனிலிருந்தே தொடங்குகிறேன்.

"ஐபி65 போட்ட சென்சார், பட்டாசு மருந்து அறைக்கும் போடலாம்."

கூடவே கூடாது. அந்த 6 தூசி உள்ளே போகாது என்கிறது. 5 பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் என்கிறது. அவ்வளவுதான். தூசிச் சோதனையே டால்கம் தூளில் நடப்பது. கந்தகமும் அலுமினியத் தூளும் படிந்த சுவருக்கு அந்த எண் எந்த உத்தரவாதமும் தராது. ரிலே வைத்த சென்சாரில் விளக்கு எரிந்து அணையும் ஒவ்வொரு தடவையும் உள்முனைகளுக்கிடையே பொறி தெறிக்கும். ராத்திரியில் நாயும் பூனையும் கடக்கும்போதெல்லாம் இது நடக்கும். ஒயர் நுழைக்கக் கூடுதலாக ஓர் ஓட்டை போட்டால் தூசித் தடுப்பும் போயிற்று.

"எல்இடி சூடாகாது" என்பதும் பாதி உண்மைதான். சூடே இல்லையென்றால் விளக்கின் முதுகில் அலுமினிய விலாக்கள் எதற்கு? உள்ளிருக்கும் டிரைவர் சர்க்யூட்டும் சூடாகும்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு விளக்கு காரணமில்லை. ஆனால் மருந்து சின்னப் பொறியையும் பொறுக்காது என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி உரிமம் பெற்ற இடத்தில், ஒப்புதலான வரைபடத்தில் இல்லாத ஒயரிங்கை எந்த ஒயர்மேனும் தொடக் கூடாது. சந்தேகமிருந்தால் சிவகாசியிலேயே உள்ள வெடிபொருள் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேளுங்கள்.

"ஃபேஸை வெட்டி நடுவில் சென்சாரைக் கொடுத்தால் போதும்."

இனி வீட்டு வாசலுக்கு வருவோம். மூன்று ஒயர் சென்சாருக்கு நியூட்ரலும் வேண்டும்: ஃபேஸ், நியூட்ரல், விளக்குக்குப் போகும் ஒயர். நியூட்ரல் வேண்டாத இரண்டு ஒயர் வகை, விளக்கு வழியாகவே கொஞ்சம் கரண்டு இழுக்கும். குண்டு பல்பில் அது தெரியாது, எல்இடி மங்கலாக மினுக்கிக்கொண்டே இருக்கும். பெட்டியில் 1200 வாட் என்றிருந்தால் அது பெரும்பாலும் குண்டு பல்புக் கணக்கு. எல்இடி டிரைவர் எரியத் தொடங்கும் நொடியில் பலமடங்கு கரண்டு இழுப்பதால் ரிலே முனைகள் ஒட்டிக்கொள்ளும். விளக்கு பிறகு அணையாது. எல்இடிக்கென்று தனியாகப் போட்டிருக்கும் வாட் அளவைப் பாருங்கள்.

"சித்திரையில் சென்சார் கெட்டுப்போகிறது."

கெடுவதில்லை. உடல் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது பார்க்கிறது. பகல் வெயிலை வாங்கிய சுவர் இரவிலும் உடம்பளவுக்குச் சூடாக நின்றால், தூரத்தில் வரும் ஆள் அதன் பார்வைக்கு மறைந்துவிடுவார். நேராக வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரையே அது சீக்கிரம் பிடிக்கும். எனவே வாசலைப் பார்த்தபடி வைக்காமல், நடைபாதை அதன் பார்வைக்குக் குறுக்கே போகும்படி பக்கச் சுவரில் பொருத்துங்கள்.