மடிக்கணினி எழும்பாவிட்டால்

2004 டிசம்பர் 26 கடற்கோளில் அம்பாறைக் கரையோரத்தில் பலர் காணி உறுதிகளை இழந்தனர். ஆகவே அட்டாளைச்சேனையில் நாம் அவற்றைக் கணினியிலும் பதிந்து வைக்கிறோம். அது இயங்க மறுத்தால் பதற வேண்டாம்.

1. விளக்கே எரியவில்லையா? சார்ஜரைக் கழற்றுங்கள். கழற்றக்கூடியதானால் பற்றரியையும் கழற்றி, ஆளியை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். பின் சார்ஜரை மட்டும் மாட்டிப் பாருங்கள்.

2. விளக்கு எரிந்தும் திரை இருளா? வேறொரு திரையை இணையுங்கள். அதில் படம் வந்தால் உள்ளிருப்பவை பெரும்பாலும் பத்திரமே.

3. பாதியில் நிற்கிறதா? பென்டிரைவ் முதலியவற்றைக் கழற்றி மீண்டும் தொடக்குங்கள்.

திருத்துபவர் 'ஃபோர்மட்' என்றால், முதலில் பத்திரங்களைப் பிரதியெடுக்கச் சொல்லுங்கள். உறுதி தொலைந்தாலும், அதன் இலக்கம் இருந்தால் காணிப் பதிவகத்தில் தேடலாம். எனவே இன்றே அந்த இலக்கத்தைக் கொப்பியிலும் எழுதி வைப்போம்.