நாளைய பாடத்துக்கு இன்றிரவு தேடும் ஆசிரியர்களுக்கு

எங்க அக்கா ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியர். போன வருஷம் ஆறாம் வகுப்புக்குச் சூரியக் குடும்பம் நடத்த, இரவு பத்து மணிக்கு இணையத்தில் ஒரு படம் தேடி எடுத்தாங்க. தமிழில் பெயர் போட்ட, பளிச்சென்ற வண்ணப் படம். காலையில் பள்ளிக்குப் போற வழியில் கலர் பிரிண்ட் எடுத்து, அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டியாச்சு. முதல் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், புக்குல எட்டுதானே போட்டிருக்கு, படத்துல ஒன்பது இருக்கே?"

ஒன்பதாவதாக இருந்தது புளூட்டோ. சர்வதேச வானியல் ஒன்றியம் அதைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்துக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியது 2006 ஆகஸ்டில். அதன் பிறகும் அந்தப் படம் இணையத்தில் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. அந்தப் பையன் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தது நல்லதாப் போச்சு. இல்லையென்றால் நாற்பது நோட்டுகளில் ஒன்பது கோள் ஏறியிருக்கும்.

ஆசிரியர்களுக்கு இணையத்தில் பொருள் இல்லை என்ற நிலை இப்போது இல்லை. நம்பி வகுப்பறைக்குக் கொண்டு போகக்கூடியது எது என்பதைப் பிரித்தெடுப்பதுதான் வேலை. அதற்குச் சில வழிகளைப் பார்ப்போம்.

முதலில் தேடும் சொல். பாடநூலில் இருக்கும் கலைச்சொல்லையே தட்டுங்கள். 'கிரகங்கள்' என்று தேடிப் பாருங்கள், பெயர்ச்சிப் பலனும் பரிகாரமும் வரிசையாக வந்து நிற்கும். 'கோள்கள்' என்றோ 'சூரியக் குடும்பம்' என்றோ தேடினால் பாடம் சார்ந்த பக்கங்கள் மேலே வரும். இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்த தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால், அந்தத் தொடர் அப்படியே இருக்கும் பக்கங்களைத் தேடித் தரும்.

அடுத்து, முகவரியின் கடைசிப் பகுதி. 'கவ் டாட் இன்' என்று முடிவது அரசு அமைப்புகளுக்கு மட்டும் ஒதுக்கப்படுவது. பெயரில் 'டிஎன்', 'கல்வி' என்றெல்லாம் வைத்துக்கொண்டு 'டாட் காம்' என்று முடியும் தளங்கள் தனியார் நடத்துபவை. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் அங்கே பார்க்கும் அரசாணையை அப்படியே நம்பி விண்ணப்பம் போட வேண்டாம். அரசாணை எண், நாள், துறை மூன்றையும் குறித்துக்கொண்டு அரசு இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வருவதற்கும் இதே கதைதான்.

பாடக்குறிப்பு, வினா விடை எடுப்பவர்கள் வருஷத்தையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இப்போதுள்ள பாடநூல்கள் 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு முதலில் வந்தன. மற்ற வகுப்புகளுக்கு அதன் பிறகு வந்தன. அதற்கு முந்தைய புத்தகத்துக்கு எழுதிய விடைகளும் இன்னமும் தேடலில் வருகின்றன. பாடத் தலைப்பு ஒன்றாகவே இருந்தாலும் உள்ளே கணக்கு வேறு, எடுத்துக்காட்டு வேறு.

எங்கே தேடலாம்? கையில் இருக்கும் பாடநூலிலிருந்தே தொடங்கலாம். அதில் அச்சிட்டிருக்கும் க்யூஆர் குறியீட்டை 'தீக்ஷா' செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளிகள் திறக்கும். கேமரா சரியில்லையா, அச்சு மங்கலா? குறியீட்டுக்குக் கீழே இருக்கும் ஆறு எழுத்துகளை டைப் செய்தாலும் போதும். வீட்டில் வைஃபை இருக்கும்போதே பதிவிறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் சிக்னல் தேடி ஜன்னலோரம் நிற்க வேண்டாம். 6 முதல் 12 வகுப்பு வரை நடத்துபவர்கள், பள்ளிக்கல்வித் துறை 2023-இல் வெளியிட்ட 'மணற்கேணி' செயலியையும் பாருங்கள்.

என்னைக் கேட்டால், அறிவியல் ஆசிரியர்கள் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கிப் பார்க்க வேண்டியது 'பெட்' என்ற தளம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002-இல் தொடங்கியது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்துகிறது. காசு கிடையாது. மின்கலம், கம்பி, பல்பு என்று திரையில் எடுத்து வைத்து மின்சுற்று கட்டலாம். தப்பாக இணைத்தால் பல்பு எரியாது. குறுக்குச்சுற்று ஆனால் நெருப்பே வரும்! ஆய்வகத்தில் செய்துகாட்ட முடியாததை இங்கே பிள்ளைகளே செய்து பார்க்கலாம். பல பாவனைச் சோதனைகளைக் கோப்பாக இறக்கி இணையம் இல்லாமலும் ஓட்டலாம். சிலவற்றுக்குத் தமிழும் இருக்கிறது.

தொடக்க வகுப்புக்கு 'ஸ்டோரிவீவர்'. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கியது. தமிழில் படக்கதைகள் வாசிப்பு நிலை வாரியாகக் கிடைக்கும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் படைத்தவர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு அச்சிடலாம், உங்கள் ஊர்ப் பேச்சுக்கு ஏற்ப மாற்றியும் எழுதலாம். இணையத்தில் கிடைக்கிற எல்லாவற்றுக்கும் இந்த அனுமதி இல்லை. மற்றவற்றுக்கு உரிமம் என்னவென்று பார்த்த பிறகே நகலெடுங்கள்.

தமிழாசிரியர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டமும் உண்டு. பழைய நூல்களின் மூல வடிவத்தை நேரடியாகப் பார்க்கலாம். செய்யுளைப் பிழையோடு பகிரும் முகநூல் படங்களை நம்ப வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. 'இலவச வினாத்தாள்' என்று அழைத்துவிட்டு எமிஸ் எண்ணும் கடவுச்சொல்லும் கேட்கும் பக்கங்கள் கண்ணில் பட்டால் உடனே மூடிவிடுங்கள். அந்தக் கணக்குக்குள் இருப்பது உங்கள் விவரம் மட்டுமா? பிள்ளைகள் விவரமும்தான். வினாத்தாள் இறக்குவதற்கு அது எதற்கு?

அக்கா இப்போது ஒரு பழைய அறுபது பக்க நோட்டு வைத்திருக்காங்க. பாடம், எடுத்த இடம், எடுத்த தேதி, வகுப்பில் எப்படிப் போச்சு என்று நாலு பத்தி. அந்த ஒன்பது கோள் அட்டையையும் தூக்கிப் போடவில்லை. இந்த வருஷம் ஆறாம் வகுப்பில் அதை மாட்டிவிட்டு, "இதுல என்ன தப்பு, கண்டுபிடிங்க பார்ப்போம்" என்றுதான் பாடத்தை ஆரம்பிச்சாங்களாம்.