சபராளிகளுக்கு இப்னு பதூதா தரும் பாடங்கள்

சபர் என்பது நமக்குப் புதிய சொல் அன்று. நாகூர், கூத்தாநல்லூர், கடையநல்லூர், தொண்டி முதலிய ஊர்களிலிருந்து ரஜூலாக் கப்பலேறி வந்த நம் பாட்டன்மாரில் பலர் ஒற்றை ஆளாகவே வந்து இறங்கினார்கள். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், ஊர்க்காரர் ஒருவரின் விலாசம், இவ்வளவுதான் கைமுதல். ஆகையால் இப்னு பதூதாவின் பிரயாணத்தை நாம் பெட்டியடியில் இருப்பவனின் கண்கொண்டு பார்ப்பது நல்லது.

மொரோக்கோ நாட்டுத் தஞ்சா நகரில் 1304-ல் பிறந்த அவர், ஹிஜ்ரி 725 ரஜப் மாதம், அதாவது 1325 ஜூனில், ஹஜ்ஜை நாடி வீட்டை விட்டார். வயது 21. கூட வரத் தோழரும் இல்லை, சேர்ந்து போகக் கூட்டமும் இல்லை. தூனிஸ் போய்ச் சேருமுன்பே கடுங்காய்ச்சல் கண்டது. வாகனத்திலிருந்து விழுந்துவிடாமலிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டார். ஊருக்குள் நுழைந்தபோது மற்றவர்களுக்கெல்லாம் உற்றார் வந்து சலாம் சொன்னார்கள். இவருக்கு ஒருவரும் இல்லை. அழுதுவிட்டார். ஹஜ்ஜுக்குச் செல்லும் ஒருவர் அதைக் கண்டு, அருகில் வந்து பேச்சுக் கொடுத்து ஆற்றினார். உலகத்தையே சுற்றியவருக்கும் முதல் மாதங்கள் இப்படித்தான். ஊரிலிருந்து புதிதாய் வரும் பையன் கடையில் மூலையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தால் ஏளனம் செய்யாதீர்கள்.

டில்லியில் அவர் பட்ட கடன் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம். சுல்தான் முஹம்மது பின் துக்ளக் தமக்குக் காணிக்கை கொண்டுவருவோருக்குப் பன்மடங்கு திருப்பித் தருவார் என்று பெயர். அந்த எதிர்பார்ப்பை நம்பி, சிந்து நாட்டு வர்த்தகர்கள் புதிதாய் வருவோருக்கு ஆயிரக்கணக்கான தீனார்களைக் கடனாகக் கொடுத்துக் காணிக்கைப் பொருள்களையும் வாங்கித் தந்தார்கள். இப்னு பதூதாவும் வாங்கினார். அரசவை வாழ்க்கையின் ஆடம்பரம் சேர்ந்துகொள்ள, கடன் 55,000 தீனாராக ஏறிற்று. கடன்காரர்கள் ஊர் திரும்பும் நேரத்தில் விடவில்லை. முடிவில் சுல்தானே அடைத்தார். நமக்கோ கடனடைக்க சுல்தான் இல்லை. அவருடைய கல்வியை மெச்சுகிறேன். இந்தச் செலவாளித்தனத்தை மெச்ச என்னால் இயலாது.

பின்னர் சுல்தான் அவரைச் சீனத்துக்குத் தூது அனுப்பினார். கோழிக்கோட்டில் 13 சீனக் கப்பல்கள் நின்றன. பருவக்காற்றுக்காக மூன்று மாதம் காத்திருந்தார். பெரிய கப்பலின் நல்ல அறைகளைச் சீன வியாபாரிகள் முன்னதாகவே பேசி வைத்திருந்தபடியால், இவருக்குக் கிடைத்தது வசதியற்ற சிற்றறை. ஆகவே தம் சாமானையும் ஆட்களையும் ஒரு சிறிய கப்பலுக்கு மாற்றிவிட்டு, ஜும்ஆவுக்காகத் தாம் கரையில் தங்கினார். அந்தச் சமயம் புயல் எழுந்தது. அரசக் காணிக்கைகளை ஏற்றிய பெருங்கப்பல் கரையில் மோதிச் சிதறி, அதிலிருந்தோர் மாண்டனர். சிறிய கப்பலோ பாய் விரித்து ஓடிவிட்டது. கரையில் நின்றவரிடம் எஞ்சியவை பத்துத் தீனாரும் ஒரு விரிப்பும்தான். அவர் விடுதலை செய்திருந்த அடிமைச் சிறுவன்கூட நிலைமையைப் பார்த்து நழுவிவிட்டான்.

அந்தக் கப்பல் கொல்லத்தில் நிற்கும் என்று கேள்விப்பட்டு அங்கே ஓடினார், வரவில்லை. பிற்பாடு கிடைத்த செய்தி, சாமானைச் சுமத்ரா பக்கத்து அரசர் ஒருவர் எடுத்துக்கொண்டார் என்பது. ஜும்ஆவுக்குத் தங்கியது அவர் உயிரைக் காத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சரக்கைப் பற்றிய மட்டில் ஒன்று கேட்க வேண்டும்: இன்ன துறையில் இத்தனை நாள் காத்திரு என்று கப்பலிலிருந்த தம் ஆட்களிடம் சொல்லி வைத்திருந்தாரா? அப்படி எதுவும் தெரியவில்லை. கிட்டங்கியில் சரக்கு ஏற்றுகிற எவருக்கும் இது விளங்கும்.

அதன்பின் மாலத்தீவில் காழியாக இருந்தார், இலங்கைக்குப் போனார். மஅபர் எனப்பட்ட நம் தமிழகக் கரையோரம் கப்பல் உடைந்தபோது, மதுரை சுல்தான் கியாதுத்தீன் அடைக்கலம் தந்தார். இருவரும் ஒரே வீட்டில் பெண்ணெடுத்த சகலைகள்! மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்தது. இவருக்கும் காய்ச்சல் கண்டு, சாவு நிச்சயம் என்று எண்ணினார். ஒரு ராத்தல் அளவு புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க, மூன்று நாள் பேதியாகிச் சுகமடைந்ததாகச் சொல்கிறார். (அவர் சொன்ன ‘ரத்ல்’ என்ற அரபி நிறைதான் நம் கடைகளில் ராத்தல் ஆயிற்று.) வைத்தியத்துக்கு நான் பொறுப்பல்ல.

அங்கிருந்து புறப்பட்டு மேலைக்கடலில் செல்கையில் கடற்கொள்ளைக்காரர் பன்னிரண்டு கப்பல்களில் வந்து வளைத்துக்கொண்டனர். ஆபத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த முத்து, மணிகளோடு உடுப்பையும் உரிந்துகொண்டு, காற்சட்டையோடு கரையில் விட்டனர். அந்தக் கோலத்தில் கோழிக்கோட்டில் ஒரு பள்ளிவாசலில் நுழைந்தார். மார்க்க அறிஞர் ஒருவர் ஓர் உடை அனுப்பினார். காழி தலைப்பாகை அனுப்பினார். வியாபாரி ஒருவர் இன்னோர் உடை கொடுத்தனுப்பினார். அந்த வியாபாரியின் பெயர் நமக்குத் தெரியாது. கொள்ளைக்காரர் கைக்கு எட்டாமல் அவரிடம் மிஞ்சியது அவர் ஓதியது ஒன்றே. மார்க்கச் சட்டம் தெரிந்தவர் என்பதற்காகத்தான் டில்லியிலும் மாலத்தீவிலும் காழிப் பதவி கிடைத்தது. சுமத்ராவின் சமுத்ரா நகரில் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த சுல்தான் மலிக் அல்ளாஹிரும் அவரை உபசரித்து 15 நாள் வைத்திருந்து, சீனத்துக்குக் கப்பலேற்றி அனுப்பினார்.

ஊர்ச் செய்தி விஷயத்தில் மட்டும் அவர் நிலை பரிதாபம். கடைசியாகத் திரும்பும் வழியில், 1348-ல் டமாஸ்கஸில், தம் தந்தை இறந்து பதினைந்து வருஷம் ஆயிற்று என்று கேள்விப்பட்டார். தாயாராவது இருப்பார் என்று 1349-ல் மொரோக்கோ வந்து சேர்ந்தவருக்கு, தாஸா என்ற ஊரில், தாயாரும் கொள்ளைநோயில் மவுத்தாகிவிட்ட செய்தி காத்திருந்தது. வீட்டை விட்டு இருபத்து நான்கு வருஷம். முதலில் பாஸ் நகருக்குச் சென்று சுல்தானைக் கண்டுவிட்டு, பிறகு தஞ்சாவுக்குப் போய்த் தாயாரின் கபுரை ஸியாரத்துச் செய்தார்.